கம்பியும் கையும்: சுட்டி என்னும் கருவியின் வரலாறு

தமிழில் 'சுட்டி' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. மணப்பெண்ணின் நெற்றியில் ஒளிரும் பொன்னணி சுட்டி. ஓரிடத்தில் நில்லாது ஓடியாடும் குறும்புப் பிள்ளை சுட்டி. அ, இ, உ என்னும் மூன்றனையும் சுட்டெழுத்து என்றனர் இலக்கண ஆசிரியர். 'இதோ', 'அதோ' என்று காட்டும் விரலுக்குச் சுட்டுவிரல் என்று பெயர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் மற்றுமொரு பொருளை ஏற்றுக்கொண்டது. கணினியின் அருகே, மேசையின் மீது, உள்ளங்கைக்குள் அடங்கிக் கிடக்கும் சிறு கருவியை ஆங்கிலம் பேசுவோர் 'மௌஸ்', அதாவது எலி, என்றனர். தமிழர் 'சுட்டி' என்றனர். ஆங்கிலப் பெயர் உருவத்தைக் கண்டு பிறந்தது. தமிழ்ப் பெயரோ தொழிலைக் கண்டு பிறந்தது.

தங்கவயலில் வாழும் தமிழர் தம் ஆண்டு மலரில் சுட்டியைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்தபோது பொருள் கொண்டு வரவில்லை. இரு கைகளைக் கொண்டு வந்தனர். அக்கைகள் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன் அளவிலான பொன்னை மண்ணுக்கடியிலிருந்து மேலே கொணர்ந்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகாமிலும் கோரமண்டலிலும் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இரவில் வீடு திரும்புவதே நம் இளைஞர் பலரின் வாழ்வாயிற்று. அவருள் பலர் அங்கே கையில் பிடிக்கும் கருவி சுட்டி. பாட்டன் கையில் துளைக்கருவி. பேரன் கையில் சுட்டி. ஆகவே இக்கருவியின் வரலாறு நம் வரலாற்றின் தொடர்ச்சியே ஆகும்.

கம்பி கண்ட ஊர்

கம்பி என்பது தங்கவயலுக்குப் புதிதன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கினர். தொடக்கத்தில் நீராவியே எந்திரங்களை இயக்கிற்று. சிவசமுத்திரத்தில் காவிரி வீழ்ந்து பாயும் ஆற்றலை மின்சாரமாக்கி இங்குக் கொணரலாம் என்னும் திட்டத்தைப் பொறியாளர் டி லாட்பினியர் வகுத்தார். மைசூர்த் திவான் சேஷாத்திரி ஐயர் அதற்குத் துணை நின்றார். 1901இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜூன் திங்களில், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தின் வழியே மின்சாரம் தங்கவயலை வந்தடைந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. பெங்களூர் நகரம் மின்னொளி பெற்றது 1905ஆம் ஆண்டில்தான் என்பதை எண்ணும்போது, கம்பியின் பெருமையை முதலில் கண்டவர் நாமே எனலாம்.

ஆற்றலைக் கொணரும் கம்பியோடு, செய்தியைக் கொணரும் மணியையும் இவ்வூர் நன்கறியும். கூண்டை இயக்கும் எந்திரம் தரைமீது இருந்தது. கூண்டில் ஏறும் மனிதர் ஆழத்தில் இருந்தனர். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது, குரலும் எட்டாது. மணியே அவர்களுக்கு மொழி. ஒருமுறை ஒலித்தால் ஒரு கட்டளை. இருமுறை ஒலித்தால் வேறொரு கட்டளை. மும்முறை ஒலித்தால் மற்றுமொன்று. எண்ணிக்கை பிசகினால் உயிருக்கே கேடு. கை இட்ட கட்டளை குறையாமலும் திரியாமலும் காலந்தாழ்த்தாமலும் எந்திரத்தைச் சென்றடைய வேண்டும் என்னும் அரிய பாடத்தை நம் முன்னோர் அந்த மணியிடம் கற்றனர். சுட்டியின் தத்துவமும் இதுவே அன்றோ? ஒருமுறை அழுத்தினால் தேர்ந்தெடு என்று பொருள். விரைந்து இருமுறை அழுத்தினால் திற என்று பொருள்.

1964, 1965ஆம் ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானிய, ஆங்கில அறிஞருடன் கூடி நுண்கருவிகளை அமைத்தனர். வானவெளியில் பிறந்து பூமியையே ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் துகளின் சுவட்டை 1965இல் அக்கருவிகள் பதிவு செய்தன. உலக அறிவியல் வரலாற்றில் தங்கவயலின் பெயர் பொறிக்கப்பட்ட நிகழ்ச்சி அது. அதே காலத்தில், கடல்களுக்கு அப்பால் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மற்றொரு சிறு கருவி ஓசையின்றி உருவாகிக்கொண்டிருந்தது.

மரப்பெட்டியில் பிறந்த கருவி

டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பார் 1925ஆம் ஆண்டில் ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின் இறுதியில் கடற்படையில் ரேடார் பணியாளராகப் பிலிப்பைன்சில் இருந்தார். ரேடார்த் திரையில் தோன்றும் ஒளிப்புள்ளி தொலைவில் உள்ள பொருளை அறிவிப்பதை நாள்தோறும் கண்டவர் அவர். கணக்குப் போடுவதற்கு மட்டுமே கணினி என்று உலகம் நினைத்திருந்த காலத்தில், மனிதன் திரையின் முன் அமர்ந்து கணினியோடு கூடிச் சிந்திக்கலாம் என்று அவர் கனவு கண்டார். மனித அறிவின் ஆற்றலைப் பெருக்குவதே அவர் நோக்கம்.

அதற்கு ஒரு தடை இருந்தது. திரையில் உள்ள பொருளை 'இது' என்று கணினிக்குக் காட்டுவது எப்படி? வரைபடத்தில் நிலப்பரப்பைக் கணக்கிட அளவையாளர் பயன்படுத்தும் 'பிளானிமீட்டர்' என்னும் சக்கரக் கருவி அவர் நினைவுக்கு வந்தது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு சக்கரங்களை ஒரு பெட்டியின் அடியில் பொருத்தினால், ஒரு சக்கரம் இடவல அசைவையும் மற்றது மேல்கீழ் அசைவையும் அளந்து சொல்லும் அல்லவா? 1964ஆம் ஆண்டில் அவருடன் பணியாற்றிய பொறியாளர் பில் இங்கிலீஷ் அந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தார். உடல் மரம், அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள், மேலே ஒரே ஒரு பொத்தான். முதலில் கம்பி மணிக்கட்டுப் பக்கமாக வெளிவந்தது. கைக்கு இடையூறாக இருந்தமையால், பின்னர் அதனை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினர். கம்பி வால்போல் தோன்றவே ஆய்வுக்கூடத்தார் அதனை எலி என்றனர். ஆகவே, வாலில்லாவிடின் அப்பெயரும் இல்லை.

இக்கருவியை அவர்கள் கண்மூடித்தனமாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஒளிப்பேனா, கைப்பிடிக் கம்பு, மேசைக்கு அடியில் முழங்காலால் இயக்கும் கருவி ஆகியவற்றோடு சுட்டியையும் நிறுத்தி, எதனால் விரைவாகவும் பிழையின்றியும் சுட்டமுடிகிறது என்று அளந்து பார்த்தனர். பழகிய கைகளுக்குச் சுட்டியே சிறந்தது என்று தெரிந்தது. 'பழகிய கை' என்பதைக் கவனிக்கவேண்டும். கருவியின் பெருமையில் பாதி, பயிற்சியின் பெருமை.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரில் ஏறத்தாழ ஆயிரம் பொறியாளர் கூடிய அவையில், எங்கெல்பார்ட் தொண்ணூறு நிமிடங்கள் தம் ஆய்வின் பயனை இயக்கிக் காட்டினார். அவர் கை மேசைமேல் அசைய, பெருந்திரையில் ஒரு புள்ளி அசைந்தது. அவை வியந்தது. அதே ஆண்டில், அதற்குச் சில வாரங்கள் முன்பே, ஜெர்மனியின் டெலிபுங்கன் நிறுவனம் உருளும் பந்து கொண்ட ஒரு சுட்டியைத் தன் விளம்பர ஏட்டில் வெளியிட்டிருந்தது. காலம் கனிந்தால் ஒரே எண்ணம் இரு நாடுகளில் முளைவிடுவது வரலாற்றில் புதிதன்று.

1967இல் விண்ணப்பித்த காப்புரிமை எங்கெல்பார்ட்டின் பெயரில் 1970இல் கிடைத்தது. உரிமையோ அவர் பணியாற்றிய நிறுவனத்துக்கு உரியதாயிற்று. ஆப்பிள் நிறுவனத்திடம் நாற்பதினாயிரம் டாலர் அளவுக்கு அவ்வுரிமை அளிக்கப்பட்டது என்று அவரே பிற்காலத்தில் கூறினார். உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்ற கருவியால் அவர் செல்வராகவில்லை. பொன்னை அகழ்ந்த கைகளுக்குப் பொன் கிட்டாத கதையைத் தங்கவயல் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. 1997இல் டியூரிங் விருதும், 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தொழில்நுட்பப் பதக்கமும் அவருக்குப் பெருமை சேர்த்தன. 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் மறைந்தார்.

எல்லார் கைக்கும் வந்தது

ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருவி எளியவர் மேசைக்கு வரக் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில் சக்கரங்களுக்கு மாற்றாக உருளும் பந்து புகுந்தது. 1973இல் அங்கே உருவான ஆல்டோ கணினி சுட்டியோடு இயங்கிற்று. 1983இல் ஆப்பிளின் லிசாவும், 1984இல் மாக்கின்டாஷும் சுட்டியைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தன. 1981இல் சுவிட்சர்லாந்துச் சிற்றூர் ஒன்றில் தொடங்கிய லாஜிடெக் நிறுவனம் சுட்டி செய்வதையே பெருந்தொழிலாக வளர்த்தது.

பந்துச் சுட்டியைப் பயன்படுத்தியவர் அதன் தொல்லையை மறந்திரார். மேசைத் தூசு உள்ளே புகுந்து உருளைகளில் படியும். திரையில் அம்புக்குறி திக்கித் திணறும். அடிமூடியைத் திருகிப் பந்தை வெளியே எடுத்து, உருளைகளை நகத்தால் சுரண்டித் துடைக்கவேண்டும். 1999ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஒளிச்சுட்டி இத்தொல்லைக்கு முடிவு கட்டிற்று. அதன் அடியில் ஒரு சிறு விளக்கும், ஒரு நுண்ணிய கண்ணும் உண்டு. அந்தக் கண், மேசைப்பரப்பை நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை படம் பிடித்து, முன்படத்தோடு பின்படத்தை ஒப்பிட்டு, கை எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. உருளும் உறுப்பு இல்லை. தூசு புக வழியும் இல்லை.

வாலின் நுனியில் பொன்

இன்று வாலற்ற சுட்டிகளும் மலிந்துவிட்டன. வானலை வழியே செய்தி அனுப்பும் சுட்டியை லாஜிடெக் 1991இலேயே விற்பனைக்குக் கொணர்ந்தது. அப்படியிருந்தும் கம்பிச் சுட்டி மறையவில்லை. காரணங்களை ஆராய்தல் தகும்.

கம்பிச் சுட்டி கணினியிடமிருந்தே மின்சாரத்தைப் பெறுகிறது. ஆகவே மின்கலம் வாங்கும் செலவில்லை. வேலை நடுவே உயிர் விடும் அச்சமும் இல்லை. அருகிலுள்ள பிற கருவிகளின் அலைகள் அதைக் குழப்புவதில்லை. பத்துப்பேர் அமரும் பயிற்சிக்கூடத்தில் யாருடைய சுட்டி யாருடைய கணினியோடு பேசுகிறது என்னும் ஐயமும் எழுவதில்லை. விலையும் குறைவு. முதன்முதலாகக் கணினி வாங்கும் தொழிலாளர் வீட்டுக்கு இவை சிறு நன்மைகள் அல்ல. குறையும் உண்டு. கம்பி மேசை விளிம்பில் உராய்ந்து கையை இழுக்கும். கழுத்துப் பகுதியில் அடிக்கடி மடங்கி உள்ளே அறுந்துபோகும். உயர்ந்த விலையுள்ள கம்பியில்லாச் சுட்டிகள் இன்று விரைவில் கம்பிச் சுட்டிக்கு ஈடாக நிற்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் குறைந்த விலையில் நம்பத்தக்க உழைப்பு வேண்டுமாயின் கம்பிச் சுட்டிக்கே முதலிடம்.

கணினியில் செருகும் அதன் வால்முனையை உற்று நோக்குங்கள். உள்ளே நான்கு சிறு தகடுகள் தெரியும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. அவற்றின் மேல் மிக மெல்லிய பொன்பூச்சு இடுவது வழக்கம். மயிரிழையினும் பன்மடங்கு மெல்லியது அப்பூச்சு. பொன் துருவேறாது, காற்றாலும் ஈரத்தாலும் கறுக்காது, ஆகவே தொடுமிடத்தில் செய்தி தடைப்படாது. அணிகலனாகவும் சேமிப்பாகவும் மட்டுமே பொன்னைப் பார்த்துப் பழகிய நமக்கு, அது ஓர் உழைப்பாளியாகவும் இருக்கிறது என்னும் உண்மை இங்கே விளங்குகிறது. நெற்றிச்சுட்டியிலும் பொன்; கணினிச் சுட்டியிலும் பொன்!

அன்றாடப் பணியில்

1985ஆம் ஆண்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் தன் மையத்தைத் தொடங்கியது. பின்னர் கணினி நிறுவனங்கள் பல அந்நகரில் பெருகின. வரைபடம் வரைவோர், கணக்கர், மருத்துவமனைப் பதிவாளர், அச்சக வடிவமைப்பாளர் ஆகிய யாவர் கையிலும் சுட்டி இடம்பெற்றது. முன்னாளில் அச்சகத்தில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்துப் பக்கம் அமைத்தனர். இன்று சுட்டியால் படத்தைப் பற்றி இழுத்து உரிய இடத்தில் வைத்து, பத்தியை நகர்த்தி, தலைப்பைப் பெரிதாக்கிப் பக்கம் அமைக்கின்றனர். இன்றைய ஆண்டு மலர்கள் இவ்வாறே உருவாகின்றன.

தமிழுக்கும் இக்கருவி துணை செய்தது. விசைப்பலகையில் தமிழ் எழுத்துகளுக்கு ஒருமித்த ஒழுங்கு அமைந்தது 1999ஆம் ஆண்டில். அவ்வொழுங்கைக் கல்லாத முதியவரும், திரையில் தோன்றும் எழுத்துப் பலகையில் 'அ' என்பதைச் சுட்டி அழுத்தி, மெல்ல மெல்லத் தம் பெயரை எழுதிவிடலாம். கன்னடம் சூழ்ந்த மண்ணில் பிறந்து, பள்ளியில் தமிழ் பயிலும் வாய்ப்பைப் பெறாத நம் பிள்ளைகளுக்கும் இது ஒரு வாயில். சுட்டெழுத்தைச் சுட்டியால் சுட்டிக் கற்பது இனிய பொருத்தமன்றோ?

ஆடுகளத்தில்

'விளையாட்டுக்கும் கருவியா?' என்று பெரியோர் முகஞ்சுளிப்பர். கேரம் பலகையை எண்ணிப் பாருங்கள். விரல்நுனியின் சிறு சுண்டல் காயைக் குழியில் வீழ்த்துகிறது. மயிரிழை பிசகினால் காய் விளிம்பில் மோதித் திரும்புகிறது. இரு முறை உலக வாகையராகத் திகழ்ந்த சென்னைத் தமிழர் மரிய இருதயத்தின் விரலை நாம் போற்றவில்லையா? கணினி ஆட்டத்திலும் வேண்டுவது அதே விரல், அதே கண், அதே அமைதி.

1997ஆம் ஆண்டில் 'குவேக்' என்னும் ஆட்டத்துக்கு அமெரிக்காவில் நடந்த போட்டியில் டென்னிஸ் ஃபாங் என்னும் இளைஞர் வென்று, அந்த ஆட்டத்தைப் படைத்தவர்களுள் ஒருவரின் ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்றார். இடக்கையால் விசைகளையும் வலக்கையால் சுட்டியையும் ஆண்ட அவர் முறை உலகெங்கும் பரவிற்று. வழக்கமான கம்பிச் சுட்டி நொடிக்கு 125 முறை தன் நிலையைக் கணினிக்கு அறிவிக்கும்; ஆட்டத்துக்கென்றே செய்தவை நொடிக்கு ஆயிரம் முறையும் அதற்கு மேலும் அறிவிக்கும். இமைப்பொழுதினும் குறைந்த தாமதமும் தோல்வியாகும் களத்தில் கம்பியின் அருமை விளங்கியது. 2018இல் ஜகார்த்தா ஆசியப் போட்டிகளில் கணினி ஆட்டம் காட்சி நிகழ்ச்சியாக இடம்பெற்றது. 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசியப் போட்டிகளில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. இந்திய அரசும் 2022 டிசம்பரில் அதனை விளையாட்டுகளுள் ஒன்றாக ஏற்றது. பணம் வைத்து ஆடும் சூதாட்டம் வேறு; திறன் வளர்க்கும் ஆட்டம் வேறு. இவ்விரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளாதபடி காப்பது பெற்றோர் கடமை.

கையைக் காப்போம்

கருவி கைக்கு ஊழியம் செய்யவேண்டும். கை கருவிக்கு இரையாகக் கூடாது. இதைத் தங்கவயலைவிட நன்கறிந்த ஊர் எது? பாறையைத் துளைத்த கருவி பொன்னைத் தந்தது. அதனோடு கல்தூசையும் தந்தது. அத்தூசு ஆயிரக்கணக்கான நெஞ்சங்களில் படிந்தது. அதனை ஒரு நோயென்று ஏற்று, ஈட்டுத்தொகை அளிக்க வழி பிறந்தது 1940களில்தான். அதற்குள் இரண்டு தலைமுறை மறைந்துவிட்டது. துளைக்கும்போது நீர் பாய்ச்சித் தூசை அடக்கலாம் என்னும் எளிய காப்பு, அறிவோடு கடைப்பிடித்தால் உயிர் காக்கும் காப்பாயிற்று.

சுட்டி உயிரைக் கொல்வதன்று. ஆயினும் நாளெல்லாம் ஒரே நிலையில் மணிக்கட்டை மடக்கி வைத்துச் சிறு அசைவுகளையே ஆயிரம் முறை செய்தால் நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்துப்போகும். இங்கும் காப்பு எளியதே. சுட்டி விசைப்பலகையின் உயரத்திலேயே இருக்கட்டும். மணிக்கட்டு நேராக இருக்கட்டும். மணிக்கட்டை மட்டும் திருகாது முழங்கையிலிருந்து கையை நகர்த்துங்கள். உள்ளங்கைக்குப் பொருந்தும் அளவுள்ளதையே வாங்குங்கள். இடையிடையே எழுந்து கையை உதறி நடங்கள். விரல் மரத்தால் பொறுத்துக்கொள்ளாது மருத்துவரை நாடுங்கள். பொறுத்துக்கொள்வதே வீரம் என்று நம் முன்னோர் சிலர் எண்ணியதன் விலையை இவ்வூர் கண்டிருக்கிறது.

மற்றொரு காப்பும் வேண்டும். 1930ஆம் ஆண்டில் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முயன்றபோது, தங்கவயல் மக்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். உழைப்புக்காகக் கொடுத்த கையை ஐயத்தின் சான்றாக்குவதை அவர்கள் ஏற்கவில்லை. இன்று சில நிறுவனங்கள் சுட்டியின் அசைவை எண்ணி, பணியாளர் வேலை செய்கிறாரா என்று கணிக்கின்றன. அதனை ஏமாற்றச் சுட்டியைத் தானே அசைக்கும் பொறிகளும் சந்தைக்கு வந்துவிட்டன. சிந்திக்கும் மனிதனின் கை சிறிது நேரம் அசையாமல் இருப்பது சோம்பல் ஆகாது. மனிதச் சிந்தனையைப் பெருக்கவென்று பிறந்த கருவியை, அவன் சிந்திக்கும் நொடிகளைக் குற்றமாக எண்ணுவதற்குப் பயன்படுத்துவது எங்கெல்பார்ட்டின் நோக்கத்துக்கே மாறானது. இதனை நம் இளைஞர் உணர்ந்து, ஒன்றுபட்டு, பண்போடும் உறுதியோடும் எடுத்துரைக்கவேண்டும். அதுவும் முன்னோர் விட்டுச்சென்ற செல்வமே.

ஆண்டு விழாவுக்குக் கூடியுள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பயன்படாது கிடக்கும் கம்பிச் சுட்டிகள் பல இருக்கும். அவற்றைத் துடைத்து, இயங்குவனவற்றைத் தெரிந்து, பயிற்சிக்கு ஏங்கும் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். சுட்டியில் அமைந்த பொன்பூச்சு மிகச் சிறிதாயினும் அதனால் ஆகும் பயிற்சி பெரிது. பாறைக்குள் பொன்னைத் தேடிய மக்களின் வழித்தோன்றல்கள், திரைக்குள் அறிவைத் தேடட்டும். பழகிய கைகள் பெருகுக! அக்கைகள் நலமோடு நீடு வாழ்க!